கொப்பரை தூக்கிய அரசனும் சேந்தமங்கலத்துக் கல்லும்

சீனத்து அரசன் ஒருவனால்தான் போன பங்குனியில் சேந்தமங்கலம் பக்கம் போனோம். என் கணவர் செந்தில் பளுதூக்கும் வீரர். முழங்கால் அறுவைக்குப் பிறகு எட்டு மாதமாக வீட்டில் உம்மென்று இருந்தார். பேச்சுத்துணையாக, நான் படித்துக்கொண்டிருந்த சின் நாட்டு அரசன் வூவின் கதையைச் சொன்னேன். அது அவரைப் பிடித்துக்கொண்டது. தானும் அப்படி எதையாவது தூக்க வேண்டும் என்றார். இளைஞர்கள் பலம் காட்டத் தூக்கும் இளவட்டக்கல் ஒன்றின் படத்தை இணையத்தில் தேடிக் கொடுத்தவள் நான்தான்.

சேலம் புதிய பேருந்து நிலையத்தில் காலை 7.40க்கு நாமக்கல் வண்டி. ஐம்பத்திரண்டு கிலோமீட்டர், ஆளுக்கு 48 ரூபாய், ஒன்றேகால் மணி நேரம். போகும்போதும் வரும்போதும் வலது பக்க ஜன்னலில் உட்காருங்கள், இடது பக்கம் மதியம் திரும்பும்போது வெயில் தாங்காது.

வழியெல்லாம் அரசன் பேச்சுத்தான். இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன், இருபது வயதை ஒட்டி அரியணை ஏறியவன். பலசாலிகள் என்றால் உயிர். மல்லர்களுக்குப் பெரிய பதவிகளைக் கொடுத்தான். ஆட்சியையும் கோட்டை விடவில்லை. இடது, வலது என இரண்டு முதலமைச்சர்களை வைத்து நடத்தினான். அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. பழைய பேரரசரின் தலைநகருக்கு ரதத்தில் போய் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டால் செத்தாலும் கவலையில்லை என்றானாம். வழியை மறித்த நகரத்தைப் படை அனுப்பிப் பிடித்தான். போனான், பார்த்தான். அங்கிருந்த வெண்கலக் கொப்பரையை மெங் யுவே என்ற மல்லனோடு போட்டி போட்டுத் தூக்கினான். கால் எலும்பு முறிந்தது, கொஞ்ச நாளில் இறந்தான். ஆட்சி நான்கே வருடம்.

"அவனுக்கு டெக்னிக் தெரியல," என்று சிரித்தார் செந்தில்.

நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம் பன்னிரண்டு கிலோமீட்டர். நகரப் பேருந்தில் எனக்கு இலவசம், அவருக்கு 11 ரூபாய். அங்கே ஆட்டோக்காரர் குமரேசன், போக எட்டு கிலோமீட்டர், காத்திருந்து திரும்ப எல்லாம் சேர்த்து 400 ரூபாய் கேட்டார். படத்தைக் காட்டியதும் முகம் மாறியது.

"ஏனுங்க, அந்தக் கல்லுக்கா? நான் ரோட்டுலயே நிறுத்திக்கறனுங்க. உள்ள வரமாட்டேன்."

நாமக்கல்லில் சாப்பிட்டு, நகரப் பேருந்துக்கு வெகுநேரம் காத்திருந்ததில், இறங்கியபோது மணி பதினொன்று ஐம்பது. குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளையும் காடுகளுக்கு நடுவே முந்நூறு மீட்டர் நடை. காற்றே இல்லை, ஆனாலும் செடிகளின் நுனி அசைந்துகொண்டிருந்தது. கல் கறுப்பாக, உருண்டையாக, நூறு கிலோவுக்குக் குறையாமல் இருந்தது. சுற்றிலும் ஒரு புல் இல்லை.

பக்கத்துக் காட்டில் கிழங்குக் குச்சி வெட்டிக்கொண்டிருந்த ராசம்மா, அறுபதை நெருங்கும் பெண்மணி, எங்களைப் பார்த்ததும் அரிவாளோடு வந்தார்.

"தூக்கவா வந்தீங்க சாமி? வேண்டாமுங்க. எங்க ஊட்டுக்காரரு இத்தத் தூக்குனாருங்க. தூக்கிட்டு ஊட்டுக்கு வாரப்ப ரெண்டு ஆளு நடக்குற சத்தம் கேட்டுது. வெளிய வந்து பாத்தா அவரு மட்டும் நிக்கறாரு."

"அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு?" என்றேன்.

"ஊட்டுலதான் இருக்காருங்க. முப்பது வருசமா சோறு போடுறேன். யாருக்குப் போடுறேன்னுதான் தெரியல."

செந்தில் புன்னகைத்து, கைகளில் மண்ணைத் தேய்த்துக்கொண்டார். நான் தடுத்திருக்கலாம். பழைய செந்திலை ஒருமுறை பார்க்க வேண்டும் போலிருந்தது. தடுக்கவில்லை.

குனிந்தார், கட்டிப்பிடித்தார், ஒரே மூச்சில் நிமிர்ந்தார். தலையணையைத் தூக்குவது போல. நெற்றியில் வேர்வை இல்லை, கழுத்தில் நரம்பு புடைக்கவில்லை. கல்லை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு என் தோளுக்கு மேலே யாரையோ பார்த்துச் சிரித்தார்.

"போதுங்க, கீழ வைங்க," என்றேன். கேட்கவில்லை.

"பேரச் சொல்லிக் கூப்புடுங்க! நிறுத்தாதீங்க!" என்று ராசம்மா கத்தினார்.

பதினொரு வருடத்தில் நான் அவரைப் பெயர் சொல்லி அழைத்ததில்லை. "செந்தில்! செந்தில்!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். எத்தனையாவது தடவையில் என்று தெரியாது, அவர் கண்கள் என்னிடம் வந்தன. அப்படியே மண்டியிட்டுக் கல்லை இறக்கினார். அதன் பிறகுதான் உடம்பெல்லாம் வேர்த்து நடுங்கியது.

"எடையே இல்ல," என்றார். "யாரோ வேற பேர் சொல்லி என்னைக் கூப்பிட்டாங்க. அதுவும் என் பேர்தான்னு தோணுச்சு. இதோ வரேன்னு சொல்ல வாயெடுத்தேன்."

என்ன பெயர் என்று இன்றுவரை சொல்லவில்லை.

வந்ததும் மருத்துவரிடம் காட்டினோம், முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. அடுத்த பளுதூக்கும் போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரை அவராகவே திரும்பப் பெற்றுக்கொண்டார். இப்போது நீச்சலுக்குப் போகிறார், நன்றாகச் சாப்பிடுகிறார். எனக்குத்தான் தூக்கம் சரியில்லை. சீனத்தில் அரசன் இறந்ததும் மெங் யுவேயைக் குடும்பத்தோடு கொன்றார்கள். படிக்கும்போது அது அநியாயமாகத் தெரிந்தது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கல்லைத் தேடிக் கொடுத்தவள் நான்தானே.

அந்தப் பக்கம் போகிறவர்கள் காலை பத்துக்குள் சேந்தமங்கலத்தில் இருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தொப்பி, மூடிய செருப்பு அவசியம். ஆட்டோ வாடகையை முன்பே பேசிக்கொள்ளுங்கள். மதியம் இரண்டுக்கு மேல் திரும்பும் பேருந்துகளில் கூட்டம் அதிகம்.

கல் இருக்கும் ஊரின் பெயரை நான் எழுதவில்லை. கிளம்பும்போது ராசம்மா கேட்டது அது ஒன்றுதான்.

"ஊருப் பேரு மட்டும் போட்டுறாதீங்க சாமி. வாரவங்க யாருன்னு எனக்குத் தெரியுது. திரும்பிப் போறவங்களத்தான் தெரியல."