பள்ளத்தைக் கண்டவர்

ஆய்வுக்கூடத்தில் நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், கைக்குட்டையால் கணினித் திரையைத் துடைக்கிறார். புள்ளி போகவில்லை. "அப்போ தூசி இல்ல, நட்சத்திரம்தான்" என்று சொல்லிக்கொண்டே நோட்டில் குறிக்கிறார். நான்கு வருடமாக, காலை ஒன்பதரைக்கு எங்கள் மாடியில் தவறாமல் நடக்கும் காரியம் இது. செயற்கைக்கோள் படத்தில் குறுக்கே வரும் நட்சத்திரங்களைக் கறை என்று அழித்துத் தள்ள மென்பொருளே இருக்கிறது. "அதுவும் வெளிச்சம்தானே, ஏன் எறியணும்?" என்பது அக்காவின் கட்சி.

வயது ஐம்பத்தெட்டு. பக்கத்து அறையில் உட்கார்ந்து அவருடைய கட்டுரைகளுக்குக் கமா போடுகிறவன் நான். துருவங்களுக்கு மேலே வானத்தில் ஒளி வளையம் தோன்றுகிறதல்லவா, அதைச் செயற்கைக்கோளிலிருந்து புற ஊதாக் கதிரில் பிடித்த படங்கள்தான் அவர் பிழைப்பு. "ஆக்சிஜனுக்கு ஒரு நிறம், நைட்ரஜனுக்கு ஒரு நிறம். இதை அதால வகுத்தா மேல காத்துல எது எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுடும். அவ்வளவுதான்" என்பார். அந்த 'அவ்வளவுதா'னுக்கு முப்பது வருடம் போயிருக்கிறது.

கூட்டத்தில் யாராவது 'தோராயமாக' என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். எவ்வளவு தோராயம் என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்து வைத்துக் காத்திருப்பார். மேஜைக்கடியில் கழற்றிவிடும் செருப்பில் ஒன்று தினமும் காணாமல் போகும். இயக்குநர் கூப்பிட்டால்கூட ஒற்றைச் செருப்போடு போய் வருவார்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு, ஒளி வளையத்தின் ஓரமாக ஓரிடத்தில் ஆக்சிஜன் குறைந்து பள்ளமாகக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தவர் இவர்தான். அது பாடப்புத்தகம்வரை போயிற்று. 'பள்ளத்தக்கா' என்று பெயரும் வந்தது. எங்கோ தூரதேசத்தில், இவர் மகன் வயதுள்ள ஒருவர், அந்தப் பள்ளம் ஏன் உண்டாகிறது என்று ஆறு வருடம் உழைத்து ஆய்வேடே எழுதிவிட்டார். அதை நம்பித்தான் இப்போது வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்.

போன மாதம் ஒரு நட்சத்திரம் அக்காவிடம் மாட்டியது. செயற்கைக்கோளில் படம் பிடிக்கும் தகட்டில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை ஒரே அளவாக ஒளிர்ந்துகொண்டே போக வேண்டியது, நடுவில் ஓரிடத்தில் மங்கிவிட்டுப் பிறகு தெளிந்தது. நோட்டைப் புரட்டி இன்னும் நாற்பது நட்சத்திரங்களைப் பார்த்தார். நாற்பதும் அதே இடத்தில் மங்கின. ஆக்சிஜனின் நிறத்தைப் பிடிக்கும் தகட்டில், வருடக்கணக்காக ஒளி வளையம் விழுந்து விழுந்து அந்த இடம் தேய்ந்திருந்தது. பள்ளம் வானத்தில் இல்லை, தகட்டில் இருந்தது.

அக்கா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மருந்துக்கடை வைத்திருக்கும் அவர் கணவர், "ரெண்டு வருஷத்துல ரிட்டயர் ஆகப்போற. இதுவரைக்கும் யாரும் கண்டுபிடிக்கலையே, விடேன்" என்றாராம்.

"நான் கண்டுபிடிச்சுட்டேனே" என்றிருக்கிறார் அக்கா.

பத்திரிகைக்குத் திருத்தம் அனுப்பப்போவதாக அக்கா சொன்னதும், கருவிக் கோளாறு என்று எழுதி முடித்துவிடலாமே என்றார் இயக்குநர். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் திருத்தக் குறிப்பில் அக்கா எழுதியது இது: 'நட்சத்திரங்களை வைத்துத் தகட்டை அன்றே சோதித்திருக்க வேண்டும். நான் சோதிக்கவில்லை.' முப்பது வருடத்தில் இதைவிட நல்ல வாக்கியம் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. கை வைக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

பத்திரிகைக்கு அனுப்பும் முன் ஒரு காரியம் பாக்கி என்றார். "ஆய்வேடு எழுதின அந்தப் பிள்ளை இதை அச்சுல பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. நான்தான் சொல்லணும்."

தேநீர் கொண்டுபோனபோது தொலைபேசியில் எண்களை ஒவ்வொன்றாக அழுத்திக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். நான்கு முறை மணி அடித்தது. அந்தப் பக்கம் "ஹலோ" என்ற குரல் கேட்டதும், நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.