சேற்றுக்குள் போன சத்தம்

கடலடிச் சேற்றுக்குள் சத்தம் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று அளக்க, போன பங்குனியில் பல்கலைக்கழகக் கம்பஸிலிருந்து ஒரு பிள்ளை வந்து என் படகைக் கேட்டாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இதற்கு ஏன் கடலுக்குப் போகவேண்டும், ஒரு வாளி சேறு அள்ளித் தருகிறேனே என்றேன். அள்ளினால் சேறு குழம்பிவிடும், குழம்பினால் சத்தத்தின் வேகமும் மாறிவிடும் என்றாள். சுன்னாகத்தில் வாங்கிய தயிர்ச்சட்டி மோட்டார் சைக்கிளில் வீடு வந்து சேரும் கோலம் எனக்குத் தெரியும். விளங்கிவிட்டது.

கருவி என்பது ஓர் இரும்புச் சட்டம். அதன் அடியில் மூன்று மெல்லிய கம்பிகள். சேற்றில் குத்தி நின்றதும் ஒன்று சத்தம் போடும், மற்ற இரண்டும் கேட்கும். கல்லில் பட்டால் வளைந்துவிடும். மாற்றுக் கம்பி கிடையாது, அவளுடைய படிப்பும் அதோடு நின்றுவிடும். கல் இல்லாத இடம் தெரியுமோ என்று கேட்டபோது, தெரியும் என்று சொல்லிவிட்டேன். வலையில் சேறு ஏறி வரும் இடம்தான். ஆனால் வலை படாத கல் ஒன்று கிடந்தால்?

கரையிலுள்ள கோயில் கோபுரமும் தண்ணீர்த் தாங்கியும் ஒன்றன்பின் ஒன்றாக நேருக்கு வரும் இடத்தில் நங்கூரம் போட்டு எஞ்சினை நிறுத்தினேன். சட்டத்தை மெல்ல இறக்கினோம். கயிறு தளர்ந்தது. அவள் மடிக்கணினியைப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். திரையில் கோடு முள் முள்ளாகத் துள்ளியது.

"கல்லோ பிள்ளை?"

"தெரியேல்லை அண்ணை. ஆரோ தட்டுற மாதிரிக் கிடக்கு."

கடலுக்கு அடியில் யார் தட்டுவது? நான் எட்டித் தண்ணீருக்குள் பார்த்தேன். அவள் என் வலது கையைப் பார்த்தாள். மீனை வலைப்பக்கம் கலைத்து விரட்டப் படகின் விளிம்பில் தட்டுவது எங்கள் வழக்கம். இருபது வருடத்தில் அது கையோடு ஊறி, கவலை வந்தாலும் தானாகத் தட்டுகிறது.

"நாங்கள் மீன் பிடிக்க வரேல்லை அண்ணை. கையை எடுங்கோ."

இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தேன். மூச்சையும் அடக்கினேன். கோடு அடங்கியது. தண்ணீரில் போவதைவிட இந்தச் சேற்றில் சத்தம் கொஞ்சம் மெதுவாகப் போகிறதாம். மணலில் என்றால் வேகமாம். இரண்டுமே தண்ணீரைவிடப் பாரம்தானே, பிறகேன் இந்த வித்தியாசம் என்று கேட்டேன்.

"சேத்துக்குக் கனம் இருக்கு, இறுக்கம் இல்லை" என்றாள்.

சட்டத்தை மேலே இழுக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறக்கச் சொல்லிச் சிரித்தாள். மூன்று கம்பிகளும் நேராக நின்றன, சாம்பல் நிறச் சேறு பூசியபடி. வலையிலிருந்து எத்தனையோ தரம் கழுவி எறிந்த சேறு. கொஞ்சம் வழித்தெடுத்து, அன்றுதான் முதன்முதலாக விரல்களுக்கிடையில் பிசைந்து பார்த்தேன்.