எஞ்சினுக்கு ஒரு ரிங்

“அக்கா, வண்டிக்குச் சூடு ஏத்துற பொறுப்பை இனி நீங்கள்தான் எடுக்கவேணும்.” 1998 நவம்பர் 9 என்று திகதியிட்ட வான்கடிதத்தில், சுகம் விசாரிக்கும் வரிக்கும் முன்னதாகத் தம்பி எழுதியிருந்தது இது. கடிதம் இப்போதும் என்னிடம் இருக்கிறது. அதில் நான்கு இடங்களில் ‘வண்டி’ என்று வருகிறது. நான்கும் ஒரு சிறிய விமானத்தைக் குறிப்பவை. ஒற்றை எஞ்சின், ஆறு இருக்கைகள். கொழும்பு வெள்ளவத்தையில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்துக்கு, போரும் புலிச் சந்தேகமும் நிறைந்த அந்த வருடத்தில் விமானம், எஞ்சின் என்றெல்லாம் எழுதி அனுப்பக்கூடாது என்பது கனடாவில் இருந்த அவனுக்கும் தெரிந்திருந்தது. அதே காரணத்தால் நாங்களும் வீட்டுக்குள் அதை வண்டி என்றே சொன்னோம்.

தம்பி அப்போது கனடாவின் நடுப்பகுதியில், வடக்கே தள்ளியிருந்த ஒரு சிற்றூரில் இருந்தான். அங்கே ஒருவர் தன் சொந்த விமானத்தில் இன்னும் வடக்கே உள்ள குடியிருப்புகளுக்குத் தபாலும் மருந்தும் ஏற்றிப்போவார். சில நாள்களில் ஒரு தாதியையும் கூட்டிப்போவார். தம்பி அவரிடம் விமானம் பழுதுபார்க்கும் தொழில் பழகினான். பழகிய வேலைகளுக்கு அவர் கையெழுத்து வைத்தால்தான் அனுமதிப்பத்திரத்துக்கான பரீட்சைக்குப் போகலாம். அதற்கு இன்னும் ஒரு குளிர்காலம் மீதமிருந்தது. பழகுநர் கூலி வாடகைக்கே காணாததால், இரவில் ஒரு பேக்கரியில் பாண் போட்டான்.

குளிரில் விமான எஞ்சினுக்கு என்ன ஆகும் என்று அம்மாவுக்கு விளக்குவது எனக்குச் சிரமமாக இருக்கவில்லை. மலைக்குளிர் அடிக்கும் நுவரெலியாவில் தேங்காயெண்ணெய்ப் போத்தல் உறைந்து கிடப்பதை அவர் பார்த்திருக்கிறார். வெயிலில் வைத்தால்தான் இளகும். எஞ்சின் எண்ணெயும் ஏறக்குறைய அப்படித்தான், கடுங்குளிரில் தடித்துப்போகும். அந்த நிலையில் எஞ்சினைச் சுழற்றினால் எண்ணெய் போய்ச் சேருமுன்பே உள்ளே உலோகம் உலோகத்தை அரைத்துவிடும். அதனால் புறப்படுவதற்குப் பல மணி நேரத்துக்கு முன்பே மின்சூடேற்றியைப் போட்டு, மேலே கம்பளியால் மூடி, எஞ்சினை மெல்லச் சூடாக்கவேண்டும். இதைப் பொது நூலகத்தில் ஒரு பழைய ஆங்கிலப் புத்தகத்தில் படித்து உறுதிசெய்தேன். புத்தகத்தை இரவல் எடுக்கவில்லை. அட்டையில் விமானப் படம் உள்ள புத்தகத்தோடு காலி வீதி என்ற கொழும்பின் பெருவீதியில் இரண்டு சோதனைச்சாவடிகளைக் கடக்க எனக்குத் தேவை எதுவும் இருக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு வந்தேன்.

சூடேற்றியை முழு நேரமும் போட்டுவைக்க முதலாளி விடமாட்டார். அந்த ஊரில் மின்சாரம் டீசலில் ஓடுவது. அதற்காக விமானக் கொட்டகையின் தொலைபேசி இணைப்பில் ஒரு பெட்டி பொருத்தியிருந்தார். அந்த எண்ணை அழைத்து, மணியை ஆறு தரம் அடிக்க விட்டு வைத்துவிட்டால் பெட்டி சூடேற்றியைப் போட்டுவிடும். அழைப்பை அது எடுப்பதில்லை, ஆகவே காசும் இல்லை. இன்னொரு முறை அழைத்து ஆறு தரம் அடிக்கவிட்டால் அதே பெட்டி சூடேற்றியை நிறுத்திவிடும். முன்பு இரவு ஒன்றரைக்கு விழித்து, கட்டிலில் கிடந்தபடியே அவர்தான் அழைப்பாராம். தம்பியை நம்பலாமா என்று பார்க்க அந்த வேலையை அவனிடம் கொடுத்தார். தம்பியோ அந்நேரம் பேக்கரிச் சூளைக்கு முன்னால் நிற்பான். பேக்கரித் தொலைபேசி பூட்டிய அறைக்குள் இருந்தது. முதலாளிக்குப் பேக்கரி வேலை தெரியாது. இரவு முழுக்க நின்றவன் காலையில் தன் எஞ்சினைத் தொடுவதை அவர் விரும்பமாட்டார் என்று தம்பி சொல்லாமல் விட்டிருந்தான்.

அவனுக்கு எங்கள் நினைவு வந்தது மணிக்கூட்டால். 1996இல் இலங்கை அரசாங்கம் நேரத்தை முன்தள்ளி, பிறகு அரை மணி பின்தள்ளியதில், குளிர்காலத்தில் கொழும்புக்கும் அவன் ஊருக்கும் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம். இரண்டு மணிக்கூடுகளும் ஒரே எண்ணைக் காட்டும். எங்களுக்குப் பகல் ஒன்றரை, அவனுக்கு அதே திகதியின் இரவு ஒன்றரை. திங்கள், புதன், வெள்ளி வண்டி ஓடும் நாள்கள். கணக்குப் போடத் தேவையில்லை. சாப்பிட்டுக் கைகழுவி வந்து எண்ணைச் சுழற்றினால் போதும்.

அந்நேரம் நான் பம்பலப்பிட்டியில் வேலைபார்க்கும் கந்தோரில் இருப்பேன் என்பதால் வேலை அம்மாவிடம் போனது. அம்மாவுக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. இதை அவர் உத்தியோகம் போலவே செய்தார். ஒன்றேகாலுக்கே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொலைபேசிக்கு முன்னால் இருப்பார்.

ரிங் கொடுத்து வைப்பது எங்களுக்குப் புதிதல்ல. அந்த வருடங்களில் கொழும்புத் தமிழ் வீடுகள் அதில்தான் நிம்மதி அடைந்தன. காலையில் கந்தோர் போய்ச் சேர்ந்ததும் நான் வீட்டுக்கு இரண்டு ரிங் கொடுத்து வைப்பேன். அம்மா திருப்பி ஒரு ரிங் தருவார். போனதற்கு இரண்டு, அறிந்ததற்கு ஒன்று. மாலையில் பஸ் பிந்தினால் வழியில் எங்காவது கடையிலிருந்து இன்னொன்று. பதில் ரிங் வராவிட்டால் அந்தக் காரியம் முடிந்ததாக எங்கள் வீட்டில் எவரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

டிசம்பர் முழுவதும் வண்டி ஒழுங்காக ஓடியது. ஜனவரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை முதலாளி கொட்டகைக்கு வந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தபோது அது பனிக்கட்டியாக இருந்தது. அன்று தபால் போகவில்லை. தம்பி அந்த ஞாயிறு தொலைபேசியில் பேசினான்.

“இன்னொருக்கா இப்பிடி நடந்தா வேற இடம் பார் எண்டிட்டார் அக்கா. வேற இடம் போனா முதலில இருந்து தொடங்கவேணும். இவர் கையெழுத்து வைக்காட்டி இந்த ரெண்டு வருஷமும் தண்ணியிலதான்.”

“பெட்டி பழுதோ?”

“பெட்டி திறம். அம்மா அண்டைக்கு மறந்திட்டாவோ?”

பக்கத்தில் நின்ற அம்மா றிசீவரைப் பறித்தார். “நானோ மறந்தனான்? சோறு மறந்தாலும் உன்ர வண்டியை மறப்பனோ? நல்லா அடிச்சது. என்ர காதால கேட்டனான்.”

அம்மா பொய் சொல்வதில்லை. ஆகவே பெட்டிதான் பிழை என்று நானும் தம்பியும் முடிவுசெய்தோம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை. அன்றைய பறப்பில் தாதியும் போகவேண்டியிருந்தது. காலை பதினொரு மணி போல எங்கள் கந்தோருக்குச் சற்றுத் தள்ளி, காலி வீதி நடைபாதையில் ஒரு பை அநாதையாகக் கிடப்பதாகக் கதை வந்தது. குண்டோ என்ற பயத்தில் வீதியை மூடினார்கள். எங்களையும் வெளியே போகச் சொன்னார்கள். நான் கடற்பக்கம் இறங்கி ரயில் பாதையோரமாக வெள்ளவத்தைக்கு நடந்தேன். பையில் ஒரு சோடி சப்பாத்து இருந்ததாகப் பிறகு அறிந்தோம். அதற்குள் கொழும்பே ஒரே நேரத்தில் தொலைபேசியைத் தூக்கிவிட்டது. வழியில் இரண்டு கடைகளில் முயன்றேன், இணைப்புக் கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி ஒன்று ஐம்பது. அம்மா றிசீவரைக் காதில் வைத்தபடி இருந்தார். என்னைக் கண்டதும் அதைக் கீழே வைத்துவிட்டு, “எங்கயடி போனனி? ஒரு ரிங் தரக் கை இல்லையே உனக்கு?” என்று கத்தினார். கத்திக்கொண்டே என் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்தார். பிறகு மறுபடி கதிரையில் இருந்து றிசீவரை எடுத்தார்.

“இப்ப ஆருக்கு அம்மா?”

“தம்பியின்ர வண்டிக்கு.”

“இவ்வளவு நேரமும் எடுக்கேல்லையோ?”

“எடுத்தனான். அடிச்சது. எண்டாலும் ஒருக்கா எடுத்துப் பாப்பம்.”

நான் பாய்ந்து போய் விரலால் தொலைபேசியை அமத்தினேன். “எண்டாலும் எண்டா என்ன? ரெண்டாந்தரம் எடுத்தா நிண்டுபோகும் எண்டு சொன்னனெல்லோ?”

“சொன்னனிதான். ஆனா அங்கயிருந்து ஒரு பதிலும் வரேல்லையே பிள்ளை. பதில் வராட்டி நான் எப்பிடி நம்புறது? மனம் சரியில்லாத நாளில மட்டும்தான் ரெண்டாந்தரம் எடுக்கிறனான்.”

“அந்த வெள்ளிக்கிழமையும் எடுத்தனீங்களோ?”

“அண்டைக்குத்தானே பொலிஸ் வந்து, வீட்டில இருக்கிற தமிழ் ஆக்களின்ர பதிவுத் துண்டு எங்க எண்டு கேட்டவங்கள். மனம் எப்பிடிச் சரியா இருக்கும்?”

வெள்ளிக்கிழமை எஞ்சின் ஏன் குளிர்ந்தது என்பது அந்த நிமிடத்தில் தெரிந்துவிட்டது. தெரியாமல் போனது புதன்கிழமை. இன்று எத்தனை முறை என்று கேட்டேன். அம்மா விரல் மடித்தார்.

“முதல் எடுத்தன், லைன் எல்லாம் பிஸி எண்டு அந்தப் பெட்டை மூண்டு பாஷையிலயும் சொன்னாள். பிறகு அடிச்சது. பிறகு உன்ர கந்தோருக்கு எடுத்தன், ஒருத்தரும் எடுக்கேல்லை. பிறகு இவனுக்கு. பிறகு திரும்ப உனக்கு. அங்கால ஒருக்கா அடிச்சது, அது உன்ர கந்தோரோ இவன்ரயோ...”

“ஆறு தரம் அடிச்சதோ?”

“நான் என்ன கணக்கப்பிள்ளையே? உனக்கு என்ன நடந்ததோ எண்டு நான் துடிக்கிறன், நீ ரிங் எண்ணுறாய்!”

அவர் சொன்னது நியாயம். ஆனால் ஒற்றை என்றால் சூடு, இரட்டை என்றால் குளிர். நான் இன்னொரு ரிங் கொடுத்தால் இருப்பது எதுவோ அது தலைகீழாகும். கொடுக்காவிட்டால் இருப்பது அப்படியே இருக்கும். அந்தப் பெட்டி எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்க உலகத்தில் ஒரே வழி, ஓர் ஆள் அந்தக் கொட்டகைக்குள் நேரில் போவது.

தம்பியை எட்ட முடியாது. கடிதத்தின் கடைசியில் முதலாளியின் வீட்டு எண்ணை எழுதி, ‘ஆராவது செத்தால் மட்டும்’ என்று அடிக்கோடு போட்டிருந்தான். நான் அந்த எண்ணைச் சுழற்றத் தொடங்கினேன்.

“விசரே உனக்கு?” என்றார் அம்மா. “அவன்ர களவு எல்லாம் வெளிய வந்திடும்.”

“எஞ்சின் குளிர்ந்து கிடந்தா எப்பிடியும் வேலை போயிடும். சொன்னா ஒருவேளை நிப்பான்.”

எனக்கு அதில் ஐயம் இருக்கவில்லை. ஐந்தாவது முயற்சியில் இணைப்புக் கிடைத்தது. தூக்கம் கலையாத ஒரு கரகரத்த குரல். நான் ஆங்கிலத்தில், கந்தோரில் பழகிய மாதிரி, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். உங்களிடம் தொழில் பழகுபவனின் அக்கா பேசுகிறேன். உங்கள் விமான எஞ்சினின் சூடேற்றி இப்போது வேலைசெய்கிறதா என்று எனக்கு உறுதியில்லை.

‘விமான எஞ்சின்’ என்று என் வாயால் சத்தமாகக் கேட்டதும் அம்மா ஓடிப்போய்ப் பல்கனிக் கதவைச் சாத்தினார். திரும்பி வந்து குசினி ஜன்னலையும் சாத்தினார்.

“எங்கிருந்து பேசுகிறாய்?” என்றார் முதலாளி.

“கொழும்பு. இலங்கை.”

“இங்கே மணி என்ன தெரியுமா?”

“தெரியும். இரண்டு பத்து. இங்கேயும் அதேதான்.”

பேக்கரியைச் சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன். அம்மா ஏன் இரண்டாம் முறை அழைத்தார் என்பதையும், வெள்ளிக்கிழமை பழுதானது பெட்டி அல்ல என்பதையும் சொன்னேன். நடைபாதையில் கிடந்த பையைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் இடைமறித்தார்.

“இந்தக் குளிர்காலம் முழுவதும் என் எஞ்சினைச் சூடாக்கியது உன் அம்மாவா?”

“ஆம். இரண்டு நாள் தவிர. அந்த இரண்டில் ஒன்று இன்னும் நிச்சயமில்லை.”

கட்டில் கிறீச்சிட்டது. பிறகு சப்பாத்தைத் தேடுவது போல ஏதோ உருண்டது. தொலைபேசியை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை வரைக்கும் செய்தி இல்லை. அம்மா என்னோடு கதைக்கவுமில்லை. சனி இரவு தம்பி பேசினான்.

“அக்கா, நீங்கள் பார்த்த வேலை! காலமை பேக்கரியால வாறன், மனுசன் வாசல்ல காரை வைச்சுக்கொண்டு நிக்குது. பாணா, பிளேனா எண்டு கேக்குது.”

“நீ என்ன சொன்னனி?”

“என்னத்தைச் சொல்லுறது? மா அப்பின கையோட நிண்டனான். பிளேன் எண்டன்.”

தாதி அந்தப் புதன்கிழமை நேரத்துக்குப் போயிருந்தார். முதலாளி அவனை வெளியே போடவில்லை. பேக்கரியை விடச் சொல்லி, கொட்டகையோடு ஒட்டிய கந்தோர் அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தார். வாடகை மிச்சம். ஆனால் இரவு ஒன்றரைக்கு எழும்பித் தன் கையாலேயே சுவிச்சைப் போடவேண்டும். அம்மாவுக்குத்தான் அது பொறுக்கவில்லை. “என்ர வேலையைப் பறிச்சுப்போட்டாய்,” என்று அந்த மாசி முழுவதும் என்னைக் குத்திக்கொண்டிருந்தார். ஒன்றேகாலுக்குக் கதிரையை இழுத்துப் போடும் பழக்கம் மட்டும் நின்றுபோனது. அடுத்த வருடம் முதலாளி கையெழுத்து வைத்தார். தம்பி பரீட்சையில் சித்தியடைந்தான்.

அந்தப் புதன்கிழமை அவர் கொட்டகைக் கதவைத் திறந்தபோது சூடேற்றி ஓடிக்கொண்டிருந்ததா, இல்லையா? தம்பி கேட்டதற்கு, “உன் அம்மாவிடம் கேள்” என்றாராம். சூடேற்றி ஓடியது என்று அம்மா சாதிக்கிறார். அவர் சொன்ன வரிசைப்படி பார்த்தால் அழைப்பு இரண்டுதான், ஆகவே நின்றிருக்கவேண்டும் என்பது என் கணிப்பு. கடைசியாக அடித்தது என் கந்தோர் மணியா, கொட்டகை மணியா என்று அறியாமல் இதைத் தீர்க்க முடியாது. முதலாளி இப்போது உயிரோடு இல்லை. ஆகவே இந்த ஒரு விவரத்தை மட்டும் உறுதிப்படுத்தப்படாதது என்றே பதிகிறேன்.