முந்திரிகை இரசம்

பேர்லின் மதில் விழுந்த வருடத்து மார்கழியில்தான் அம்மா வைன் விற்றார். நாள், நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு. குருவானவர் ரோசா நிற உடுப்பில் பூசை வைத்தது நினைவிருக்கிறது. மார்கழியில் அந்த நிறம் அந்த ஒரு ஞாயிற்றுக்கே உரியது. ஆகவே திகதியில் எனக்குச் சந்தேகமில்லை. என் வயது பத்து.

அதற்கு முதற்கிழமை வரை புலம்பெயர்ந்து வந்திருந்த எங்கள் நோர்பரி வீட்டில் வைன் என்ற சொல்லே ஆகாது. அப்பா குடியை விட்டு அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. சுப்பர்மார்க்கெட்டில் போத்தல் அடுக்கிய வரிசை வந்தால் அம்மா தள்ளுவண்டியைத் திருப்பிவிடுவார். பிஸ்கட் அதற்கு அப்பால் இருந்ததால், எங்களுக்குப் பிஸ்கட்டும் இல்லாமற் போனது.

அக்காவை ஏ லெவலுக்கு எடுக்கச் சம்மதித்த கல்லூரி, கத்தோலிக்கத் துறவறச் சகோதரர்களுடையது. படிப்பிப்பதே அவர்கள் சபையின் பணி. பிரான்சில் அவர்களுக்குப் பரம்பரையாக ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அங்கே வடித்த வைனை விற்று, வசதியற்ற பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுத்தார்கள். அது இல்லாவிட்டால் அக்காவுக்கு அந்தக் கல்லூரியும் இல்லை. பரிசில் கிடைத்த செய்தியைச் சொல்ல வந்த வெள்ளைக்காரப் பிறதர், நல்லெண்ணத்தில் கையில் ஒரு போத்தலும் கொண்டுவந்துவிட்டார்.

அம்மா போத்தலைப் பார்த்தார். "சாராயக் காசிலை என்ரை பிள்ளை படிக்கத் தேவையில்லை."

அக்கா அழுதபடி மாடிக்கு ஓடினாள். அப்பா யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹவுன்ஸ்லோவிலிருந்து ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த, அம்மாவின் தம்பியான மாமாதான் மொழிபெயர்ப்பாளர். "அக்கா, உது சாராயம் இல்லை. முந்திரிகை இரசம். பூசையிலை வைக்கிறது."

திராட்சை இரசத்துக்கு ஊர்க் கோயிலில் வழங்கிய பெயர்; அம்மா கேட்டு வளர்ந்த சொல். அம்மாவின் முகம் மாறியது. "அதை முதலே சொல்லியிருக்கலாமே. ஏன் இந்த மனிசன் வைன், வைன் எண்டு பயப்பிடுத்தினவர்?"

"பிறதருக்குத் தமிழ் காணாது, அக்கா."

போத்தல் சாமித்தட்டில் மாதா சுருவத்துக்குப் பக்கத்தில் ஏறியது. அக்கா கீழே இறங்கி வந்தாள். ஞாயிறு பூசை முடிய, பங்கு மண்டபத்தில் அதே வைனைப் புலமைப்பரிசிலுக்காக விற்கப்போவதாகப் பிறதர் சொன்னதும், "நான் விக்கிறன்" என்றார் அம்மா.

விற்றார். "முந்திரிகை இரசம், தங்கச்சி! பிள்ளையளின்ரை படிப்புக்கு!" என்று வாசலை மறித்து நின்றார்.

ஸ்ட்ரெதத்திலிருந்து வந்த மன்னார் அன்ரி ஒருவர், "ஆசீர்வதிச்சதோ?" என்று கேட்டார்.

"நீங்கள் முதல் வாங்குங்கோ. சாமியாரிட்டை நான் சொல்லுறன்."

சற்று நேரத்தில், போத்தலும் கையுமாகக் குருவானவர் முன்னால் ஒரு வரிசை நின்றது. அவர் திகைத்தபடி ஆசீர்வதித்துக்கொண்டே இருந்தார். தேநீர் கொதிக்குமுன் மேசை வெறுமையானது. பிறதர் கை தட்டினார். அக்கா மணப்பெண்போல மண்டபத்தின் நடுவில் நின்றாள்.

பெட்டியாக வாங்கியவர்களின் கார்வரை வைன் பெட்டிகளைக் கொண்டுபோக ஆள் வேண்டியிருந்தது. மாமா பக்கத்திலேயே நின்றார். அம்மா அவரைக் கூப்பிடவில்லை. "இஞ்சாருங்கோ, நீங்கள் கொண்டுபோங்கோ" என்று அப்பாவின் கையில் பெட்டியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பியும் பாராமல் அடுத்த ஆளோடு பேசத் தொடங்கினார்.

அப்பா அதை இரு கைகளாலும் ஏந்தி, நற்கருணைப் பவனியில் போகிறவர்போல நெஞ்சை நிமிர்த்தி, கார் பார்க்கைக் கடந்தார். அன்றைய வெற்றி முழுவதும் அக்காவுடையது என்றே நினைத்திருந்தேன். அப்பா ஏன் அவ்வளவு மெதுவாக நடந்தார் என்பதுதான் அப்போது எனக்கு விளங்கவில்லை. பெட்டி பாரமாக்கும் என்று, உதவிக்கு ஓடினேன்.