மேலே போன கோடு

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனராகவும் நாக்பூர் பக்கத்து ஓட்டல்களிலும் கழிந்த வருடங்களில் இந்தி ஒட்டிக்கொண்டது. அந்த இந்திக்காகத்தான், திருப்பதியில் தங்கி மழை ஆராய்ச்சி செய்துவந்த வடநாட்டு மேடம் ஒருவர் என்னை ஜீப் ஓட்டவும், தமிழ் பேசும் எல்லையோரக் கிராமங்களில் அவருடைய இந்தியைத் தமிழில் சொல்லவும் வைத்துக்கொண்டார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டினார்கள். அதுவரை அங்கே அழுக்குத் துண்டுதான் கிடந்தது.

பூமியைப் பெரிய பெரிய கட்டங்களாகப் பிரித்து, காற்று, கடல், மேகம் எல்லாவற்றையும் கட்டத்துக்கு ஒரு கணக்காக எழுதி, கம்ப்யூட்டருக்குள் ஒரு பூமியையே ஓடவிடுவார்களாம். அதுதான் மாடல். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். நடந்து முடிந்த வருடங்களை அவற்றில் ஓட்டி, எது எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று ஒப்பிடுவது மேடத்தின் வேலை. பழசைச் சரியாகச் சொன்ன மாடல் வரப்போவதையும் சரியாகச் சொல்லும் என்று நம்பிவிடக் கூடாது என்பார். எனக்கு அது புரிந்தது. பின்னால் நான் செய்ததைப் புரியாமல் செய்தேன் என்று சொல்ல வழியில்லை.

பிச்சாட்டூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம். வரும் முப்பது வருட மழைக்கு ஏழு மாடல்களின் ஏழு கோடுகளைத் திரையில் காட்டினார். வெயில் ஏறும் என்பதில் ஏழும் ஒன்று. மழையில் நான்கு மேலே போயின, இரண்டு இறங்கின, ஒன்று படுத்தே கிடந்தது. பக்கத்து ஊர்கள் ஒரே கட்டத்தில் வருவதையும் சேர்த்து, "மறைக்காமல் சொல்" என்றார். சொன்னேன்.

"ஏழு கம்ப்யூட்டர் வெச்சிக்கினு ஒண்ணுக்கொண்ணு அடிச்சிக்கிதா?" என்றார் பின்வரிசைக்காரர் ஒருவர்.

"பிச்சாட்டூரும் சத்தியவேடும் ஒரே கட்டத்துல கீதாம்பா. இங்க பேஞ்சா அங்க பேயுதா?" என்றார் இன்னொருவர். "இதச் சொல்றதுக்குக் கழுத்துல அட்டை வேற!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

அப்போது ஒரு விவசாயி எழுந்தார். "சிரிக்காதீங்கபா. நான் மாந்தோப்ப வெட்டிட்டு நெல்லு வெக்கலாம்னு கீறேன். மழை கூடுமா, கூடாதா? ஒரே வார்த்தைல சொல்லு சார்."

அதுவரை யாரும் என்னைச் சார் என்றதில்லை. அவர் கேள்வியை மேடத்திடம் சொல்லவேயில்லை. மேலே போன ஒரு கோட்டில் விரலை வைத்து, "கூடும்" என்றேன். சிரிப்பு நின்றது. என்ன கேட்கிறார் என்றார் மேடம். நன்றி சொல்கிறார் என்றேன்.

அந்த விவசாயி பாதித் தோப்பை வெட்டினார். அடுத்த இரண்டு வருடமும் நல்ல மழை. நாங்கள் மறுபடி போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் வாக்கு பலிச்சிச்சி சார்!" எங்கள் இருவருக்கும் வீட்டில் சாப்பாடு போட்டார். ஓரிரு வருட மழையை வைத்து எந்தக் கோட்டையும் சரி என்று சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சாப்பிட்டேன்.

போன மாதம் அந்த ஊரில் எழுதிவைத்த மழைக்கணக்குப் படிவங்களை வாங்கிவரத் தனியாகப் போனேன். தோப்பில் ஒருவன் மிஷின் ரம்பத்தோடு நின்றான்.

"மீதியும் எடுத்துட்றேன் சார். மழைதான் கூடிக்கினே போதே" என்றார் அவர்.

"வேணாம். அன்னிக்கு மேடம் கூடும்னு சொல்லல. தெரியலன்னாங்க. நான்தான் மாத்திச் சொன்னேன்."

விளையாட்டு என்று நினைத்தார். "பேஞ்சிச்சே?"

"பேஞ்சிச்சி. அது எனக்குத் தெரிஞ்சி சொன்னதில்ல. எல்லாரும் சிரிச்சாங்க, அதான் வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகள் வரப்போரம் இன்னும் கிடந்தன. ஒன்றின் மேல் போய் உட்கார்ந்தார்.

"எனக்குந்தான் வருசா வருசம் தெரியாது. தெரியாமத்தான் வெதைக்கிறேன். தெரியலன்னு சொன்னா உன்ன இன்னா கடிச்சித் துன்னுடுவேனா?"

ரம்பக்காரனிடம், "இன்னிக்கி வேணாம், போ" என்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "நீயும் கெளம்பு" என்றார்.

திருப்பதி வந்து படிவங்களைக் கொடுத்தேன். நமக்குச் சாப்பாடு போட்டவர் எப்படி இருக்கிறார், தோப்பு இருக்கிறதா என்று மேடம் கேட்டார். பாதி இருக்கிறது என்றேன். மீதிப் பாதி எப்படிப் போனது என்பதை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.