வல்லரசு தெளித்த மஞ்சள் தண்ணீர்

எதிர்ப்பட்டறையில் ஒரு கார் நுழைந்தால் வல்லரசுக்குச் சோறு இறங்காது. வேங்கிக்கால் சாலையில் அவன் பட்டறை முந்தியது; மொஹ்சின் பட்டறை பிந்தியது. ஆனாலும் டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஊர் மொஹ்சினிடம்தான் போகிறது. "பாய் கைராசி" என்கிறார்கள். ராசியாவது, மண்ணாவது! இரண்டு பேரிடமும் ஒரே ஸ்கேனர். வல்லரசு வீம்புக்கென்றே அதே கம்பெனியில் வாங்கியிருந்தான். காரில் செருகினால் இரண்டும் ஒரே கோளாறு எண்ணைத்தான் காட்டும்.

அவனிடம் நிலையாக வந்துகொண்டிருந்தவர் டாக்ஸி ஓட்டும் தனம். கிரிவலத்துக்கு வருகிறவர்களை ஏற்றி இறக்கிப் பிழைப்பவர். அவர் காரில் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று ஸ்கேனர் சொன்னது. வல்லரசு பிளக்கை மாற்றி, ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்தான். விளக்கு அணைந்தது. சில நாளில் மறுபடி எரிந்தது. பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலையும் மாற்றினான். மறுபடி எரிந்தது.

"வல்லரசு, பௌர்ணமி வருது. மலை சுத்தற ரோட்டுல வண்டி திக்கித் திக்கி நின்னா என் பொழப்பு நாறிடும். நான் எதிர்ல காட்டிக்கிறேன்."

"அக்கா, சாமி படம் வெச்ச வண்டிய அங்கயா வுடுவ?"

"வண்டி பெட்ரோல்ல ஓடுதுப்பா. படத்துலயா ஓடுது?"

பொறாமைக்கு மதம் கிடையாது. ஆனால் இந்த நாட்டில் பொறாமைக்காரன் கைநீட்டினால் முதலில் அகப்படுகிற தடி அதுதான். வல்லரசு அதைத் தூக்கினான். தனம் தட்டிவிட்டுப் போனார்.

அவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாலையைக் கடந்து பின்னாலேயே போனான். மொஹ்சின் அப்படியென்ன மாயம் செய்கிறான் என்று இன்றைக்குப் பார்த்துவிடுவது.

மொஹ்சின் ஸ்கேனரைச் செருகினான். அதே எண்.

"நானும் அதான் பாத்தேன். காயில் புதுசு பாய்" என்றான் வல்லரசு. குரலில் கொஞ்சம் கொண்டாட்டம்.

"ரெண்டாவது சிலிண்டர்னுதாண்ணே மிஷின் சொல்லும். ஏன்னு சொல்லாது."

மொஹ்சின் காயிலை உருவி, பிளக் உட்கார்ந்திருக்கும் குழிக்குள் டார்ச் அடித்தான். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. ஒயர் செருகும் இடத்தில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. துணியால் ஒற்றி எடுத்தான். துணி மஞ்சளானது.

வல்லரசுக்கு அது தெரிந்த மஞ்சள். வேலை முடித்த வண்டியை அவன் வெறுமனே கொடுப்பதில்லை. பானெட்டைத் திறந்துவைத்து, எஞ்சின்மேல் மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் காட்டித்தான் கொடுப்பான். தனத்தின் காருக்கு, கோளாறு திரும்பத் திரும்ப வந்ததால், ஒவ்வொரு முறையும் கூடுதலாகவே ஊற்றியிருந்தான்.

மொஹ்சின் துணியை மடித்துவிட்டு, "வண்டி கழுவறப்ப தண்ணி எறங்கியிருக்கும்கா" என்றான்.

"கழுவற தண்ணி மஞ்சளாவா இருக்கும்?" தனம் திரும்பினார். "ஏம்பா, நீயே சரிபண்ணி நீயே கெடுத்துக் குடுத்தியா?"

மொஹ்சின் சிரித்திருந்தால் வல்லரசுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலத்துக்கும் வெறுத்துக்கொண்டிருக்கலாம். அவனோ குனிந்து குழியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"இனிமே வண்டிய இங்கயேதான் வுடுவேன் மொஹ்சின்" என்றார் தனம்.

வல்லரசு தன் பட்டறைக்குத் திரும்பினான். வேலை முடிந்த கார் ஒன்று காத்திருந்தது. அதன் சொந்தக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார். வல்லரசு மஞ்சள் தண்ணீர்ச் சொம்பை எடுத்தான். எதிர்ப்பக்கம் ஒரு பார்வை. பிறகு பானெட்டைப் படாரென்று மூடி, அதன்மேல் தெளித்தான்.

"இன்னாங்க, உள்ள தெளிக்கலையா?"

"மூடியிருந்தாலும் சாமிக்குத் தெரியும்ங்க."

எதிரே தனத்தின் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வல்லரசு காது கொடுத்தான். ஒரு திக்கல் இல்லை, திணறல் இல்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.