வெயிலில் பிளாஷ், முகத்தில் சுண்ணாம்பு

"பிளாஷ ஜாஸ்தி வெச்சு எடுங்கம்மா. பொண்ணு கொஞ்சமாவது கலரா தெரியட்டும்."

அடி அண்ணாமலையில் ஒரு கல்யாணம். சொன்னவள் மாப்பிள்ளையின் அக்கா. மணப்பெண் கவிதா பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றே சொன்ன மாதிரி இருந்தது.

தாலி கட்டி முடிந்ததும், மலை பின்னால் தெரிகிற மாதிரி படம் எடுக்க வெளியே வந்திருந்தோம். உச்சி வெயில். அந்த வெளிச்சத்தில் அப்படியே எடுத்தால் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்புக் குழிதான் விழும். அதற்காகத்தான் பட்டப்பகலிலும் பிளாஷ் போடுகிறோம். பிளாஷ் நிழலைக் கொஞ்சம் தூக்கிவிட்டால் போதும், வெயிலோடு போட்டி போடக் கூடாது. பிளாஷின் அளவைக் கூட்டிக் குறைக்கிற காம்பன்சேஷனை மைனஸ் ஒன்றில் வைத்தால் பிளாஷ் அடித்ததே தெரியாது. பிளஸ் இரண்டுக்கு ஏற்றினால் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்.

நான் பதில் பேசாமல் மைனஸ் ஒன்றில் எடுத்தேன். திரையைக் கவிதாவிடம் காட்டினேன்.

"கண்ணு நல்லா வந்திருக்குக்கா" என்றாள்.

அதற்குள் அந்த அக்கா எங்கள் ஸ்டூடியோ முதலாளிக்குப் போன் போட்டுவிட்டாள். அவர் என்னை அழைத்தார்.

"இன்னாம்மா, கஸ்டமர் கேக்கறத குடுக்க மாட்டியா? பிளஸ் ரெண்டுல போடு."

"மூஞ்சி பர்ன் ஆயி வெளுத்துடும் சார்."

"அதெல்லாம் அவங்களுக்கு எங்க தெரியப் போவுது?"

"பொண்ணுக்குத் தெரியும் சார்."

போனை வைத்துவிட்டார். நான் செட்டிங்கை மாற்றவில்லை.

ஆனால் ஆல்பம் வந்தபோது, ஸ்டூடியோவில் கம்ப்யூட்டரில் முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம், முகம் மட்டும் மாவு பூசியது போல. அனுப்ப வேண்டாம் என்று சண்டை போட்டேன். முதலாளி கேட்கவில்லை.

ஆல்பம் போன நாலாம் நாள் கவிதா கணவனோடு கடைக்கு வந்தாள். ஆல்பத்தை மேசைமேல் விரித்தாள்.

"இது யாரு சார்? எங்கம்மா பாத்துட்டு அழுவுறாங்க. என் மூஞ்சியத் திருப்பிக் குடுங்க."

முதலாளி கொஞ்சமும் கூசாமல் என்னைக் கை காட்டினார். "இவங்கதாம்மா எடுத்தாங்க."

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஹார்ட் டிஸ்கைச் செருகி, நான் எடுத்த ஒரிஜினல் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் ஓட்டினேன்.

கவிதாவின் கணவன்தான் பேசினான். "எங்கக்கா சொன்னா செஞ்சிடுவீங்களா? கல்யாணம் பண்ணது நாங்க. எங்களக் கேட்டீங்களா?"

ஆல்பத்தை முதலாளி தன் செலவில் மறுபடி போட்டுக் கொடுத்தார். அதைக் கொடுத்த அன்றே நான் வேலையை விட்டேன்.

இன்னும் எனக்கு அவர்மேல் கோபம் ஆறவில்லை. அதைவிட என்மேல் அதிகக் கோபம். ஒரு பெண்ணை அத்தனை பேர் நடுவில் அவமானப்படுத்தியபோது, கேமரா பட்டனைத் தட்டிக்கொண்டு சும்மா நின்றேனே.

இப்போது தனியாகத் தொழில் செய்கிறேன். ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "பிளாஷ் நிழலுக்குத்தாங்க. நிறத்துக்கு இல்ல." சிலர் எழுந்து வேறு ஸ்டூடியோவுக்குப் போகிறார்கள். போகட்டும்.